கோயில் பக்கம் திறந்த கதவு

ஷர்மினி: சிரிக்காதீங்கண்ணே! ஃபெரியில எல்லாரும் நம்மளயே பார்க்கறாங்க.

லோகேஸ்வரன்: நீ முதல்ல நிறுத்து. ஜார்ஜ்டவுன் போய்ச் சேர்றதுக்குள்ள என்னைக் கடல்ல தள்ளிருவ போல.

ஷர்மினி: இத்தனை வருஷமா ரயில் ஓட்டறவரு... பிளாட்பாரம் வலப்பக்கம் இருக்க, இடப்பக்கக் கதவைத் திறந்து விட்டா?

லோகேஸ்வரன்: அந்த ஸ்டேஷன்ல என்னைக்கும் இடப்பக்கந்தான்லா. அங்கேயே வேலிக்கு அந்தாண்ட முருகன் கோயில். கோபுரம் தெரிஞ்சதும் ஒரு கும்பிடு. கும்பிட்ட கை, கோயில் பக்கத்துப் பட்டனை அமுக்கும். அவ்வளவுதான் பழக்கம்.

ஷர்மினி: இன்னிக்கு வேற லைன்ல விட்டுட்டாங்க...

லோகேஸ்வரன்: லைன் மாறிச்சு. கை மாறல.

ஷர்மினி: பெட்டி முழுக்க தரிசனம்ணே! ஒரு அக்கா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. ஒரு சீன அங்கிள், ஸ்டேஷனைக் காணோம்னு தேடறாரு!

லோகேஸ்வரன்: ஐயோ, போதும்... வயிறு வலிக்குது...

ஷர்மினி: பெட்டியில வந்த அந்த மலாய்க்கார அம்மா, சித்தி ஹாஜரா மாக்சிக் வேற...

லோகேஸ்வரன்: அவங்களை நினைச்சாத்தான் சிரிப்பு நின்னு போவுது. ஒரு காலை வெளியில வச்சுட்டாங்களாமே?

ஷர்மினி: ஆமா. கீழே வெறும் கல்லும் தண்டவாளமும். பக்கத்துல நின்ன அஃப்ரீன்னு ஒரு நர்ஸ், இடுப்போட பிடிச்சு இழுத்துட்டா. மாக்சிக் என்ன செஞ்சாங்க தெரியுமா? கூடையிலேர்ந்து பலகாரம் எடுத்து, "பயந்துட்டியா, சாப்பிடு"ன்னு எனக்கு நீட்டறாங்க!

லோகேஸ்வரன்: முருகா... நீதான் காப்பாத்தின.

ஷர்மினி: அஃப்ரீன் கையால.

லோகேஸ்வரன்: அவன் கைதான் அதுவும்... ஏற்கெனவே ஒரு வார்னிங் வாங்கினவன் நான். இனிமே ஓட்ட விடுவாங்களோ, என்னமோ.

ஷர்மினி: அண்ணே... விசாரிக்க வந்த ஆபீசர், என்சிக் ஹாரிஸ், உங்களைத் தனியாக் கூப்பிட்டாரே... என்ன கேட்டாரு?

லோகேஸ்வரன்: லைன் மாறினதை, ரயில் கார்டா இருந்த நீ என்கிட்ட சொன்னியான்னு கேட்டாரு.

ஷர்மினி: ...நீங்க?

லோகேஸ்வரன்: ஷர்மினி சொல்லிச்சு, நான்தான் மறந்துட்டேன்னேன்.

ஷர்மினி: நான் சொல்லவே இல்லையேண்ணே! கன்ட்ரோல்லேர்ந்து வாக்கிடாக்கியில சொன்னாங்க. அப்பன்னு பார்த்து ஒரு குழந்தை வாந்தி எடுத்துச்சு, துடைச்சு விட்டுக்கிட்டே மறந்துட்டேன்.

லோகேஸ்வரன்: தெரியும்மா. நீ ஓடி வந்தப்ப உன் மூஞ்சியிலேயே எழுதியிருந்துச்சு. அடுத்த மாசம் வேலை நிரந்தரமாகப் போற புள்ள... ரெண்டு பேரும் ஏன் மாட்டணும்?

ஷர்மினி: சாமி கும்பிடற ஆளு, பொய் சொல்லலாமா?

லோகேஸ்வரன்: நாளைக்கு நடந்தே போயி அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்.

ஷர்மினி: நடந்தே போங்க. ரயிலை எடுத்துட்டுப் போயிடாதீங்க!

லோகேஸ்வரன்: வாயைப் பாரு! ஆனா ஹாரிஸ் விசித்திரமான ஆளும்மா. திட்டல. தோள்ல தட்டி, சூடா ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து, "நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க, பேசிக்கலாம்"னாரு... ஏய், என்ன மறுபடியும் சிரிக்கற? கண்ணுல தண்ணி வேற!

ஷர்மினி: உங்களுக்கு முன்னாடி என்னைத்தாண்ணே கூப்பிட்டாரு... நான் சொல்ல மறந்துட்டேன், அண்ணனை விட்டுருங்கன்னு அழுதுட்டு வந்தேன். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் உங்களுக்குத் தே தாரிக் வாங்கிக் கொடுத்திருக்காரு!