வெங்கடாசலம் கேபிளும் சௌசௌப் பந்தலும்

— உங்க கேபிள்ல பன்னண்டு சேனலும் வேண்டாங்க வெங்கடாசலண்ணா, ஒண்ணே ஒண்ணு போதும். நாலு மணிக்கு கெவருமெண்டு டிவியில எம்மக சாந்தி பாடறா. ஸ்கூல் புள்ளைங்க பத்துப் பேரு, மொத வரிசையில ரெண்டாவது அவ.

— நொம்ப சந்தோசம், இன்பமேரி. ஆனா அந்த நம்பர்ல இன்னைக்கு என் மச்சினன் கல்யாணக் கேசட்டு ஓடுதே அம்மிணி.

— போன ஞாயித்துக்கெழமையும் அதானுங்களே!

— அது தாலி கட்டுனது. இன்னைக்குப் பந்தி.

— யாருங்க கேட்டா?

— நாகலூர்ல எழுபது ஊடும் பாத்துச்சு. ஒருத்தராச்சும் வேற சேனல் மாத்துனாங்களா?

— மத்த பதினொண்ணுலயும் படமே தெரியாம மழையடிக்குதுங்களே!

— ஏற்காட்டு மலையில குடியிருந்துக்கிட்டு மழைக்குப் புகார் சொல்றியே! புடிக்கலீன்னா பழனிசாமி கேபிளுக்குப் போ. நான் யாரையும் கட்டி வெக்கலியே.

— போனேனுங்க. அங்கயும் உங்க மச்சினன்தான் மாலையோட நிக்கறாரு.

— ஆமா, அந்த லைனைப் போன மாசமே வாங்கிப்போட்டேன். பேரை மட்டும் உட்டு வெச்சுருக்கறேன். சனங்களுக்கு ரெண்டு இருந்தாத்தான ஒண்ணு புடிக்கும்?

— கேபிளு வாரதுக்கு முந்தி எங்க ஊட்டு ஆண்டெனாவுல கண்ணாடியாட்டத் தெரியுமுங்க.

— 'ஆண்டெனா குடுத்தா கனெக்சன் இனாம்'னேன். ஊரே வரிசையில நின்னு குடுத்துச்சு.

— மொத ஆளு நான்தானுங்க, கிறுக்கி! அதையெல்லாம் என்னங்க பண்ணுனீங்க?

— பொறக்கடையில சௌசௌக் கொடிக்குப் பந்தல் போட்டுட்டேன். எழுபது ஆண்டெனா! காயெல்லாம் நியூஸ் வாசிக்கறவங்களாட்ட வெறப்பா தொங்குது.

— என்னோடதை மட்டும் திருப்பிக் குடுங்கண்ணா. மணி மூணாச்சு.

— ஒண்ணைப் புடுங்குனா மொத்தப் பந்தலும் சாஞ்சுரும் சாமி. அட, கண்ணைத் தொடை. எனக்கும் என்னமோ பண்ணுது. சரி, பந்தி முடிஞ்சதும் ரெண்டு நிமிசம் உடறேன், போ.

— அதுக்குள்ள பாட்டே முடிஞ்சுருமுங்க.

— நான் என்ன பண்ணட்டும்? எல்லாம் என் சம்சாரத்துக்காவத்தான் போடறேன். தம்பி மூஞ்சியப் பாக்காம தனலட்சுமிக்குச் சோறு எறங்காது... ஏ, பொறக்கடையில என்ன சத்தம்? பந்தல் ஆடுது!

— ஆடுமுங்க. ஊர்ப் பொம்பளைங்க அத்தன பேரும் அங்கதான் அவங்கவங்க ஆண்டெனாவை அவுத்துட்டு இருக்காங்க. நீங்க அந்தப் பக்கம் வராம நான் பேச்சுக் குடுத்துட்டு இருக்கறேன்.

— எனக்குத் தெரியாம யாரு கதவைத் தொறந்து உட்டா?

— தனலட்சுமி அக்காதானுங்க. ஏணியும் அவங்கதான் புடிச்சுட்டு நிக்கறாங்க. தம்பி சாப்புடறதை இன்னொருக்கா பாத்தா அவங்களுக்குப் பைத்தியமே புடிச்சுருமாமுங்க.