தங்கத்தில் கண்ட அலை

ரோஜா: ...விக்கிரவாண்டி டோல் வர்றதுக்குள்ள காரைத் திருப்பிடுங்கப்பா. காய்ச்சல்னு சொல்லிக்கலாம்.

இருதயராஜ்: இப்பதான் விழுப்புரம் ஸ்டேஷன்ல ஏத்தினேன், அதுக்குள்ள காய்ச்சலா? திண்டிவனத்துல ஒன் மூஞ்சி பத்தடிக்கு நிக்குது. ‘தங்கத்தில் அலை கண்ட தங்கமகள்’. எதிர்வூட்டு கோதண்டபாணி வண்டிய நிறுத்தி ரெண்டு வாட்டி படிச்சான்.

ரோஜா: என்னைக் கேக்காம ஏம்பா ஃப்ளெக்ஸ் அடிச்சீங்க?

இருதயராஜ்: பொண்ணக் கேட்டுக்கினா அடிப்பாங்க? சாயந்திரம் பாராட்டு விழாவுல எவனாவது நீ அலை கண்டுபிடிச்ச அந்த மெஷினப் பத்திக் கேட்டா? சொல்லு, கேட்டுக்கறேன்.

ரோஜா: பொடி ஊசிப்பா. மெல்லிசான பட்டை நுனியில இருக்கும். தங்கத் தகட்டு மேல தடவிக்கினே போவும். மேடு வந்தா பட்டை வளையும்.

இருதயராஜ்: அணுவளவு வளையறத எந்தக் கண்ணு பாக்குது?

ரோஜா: பட்டை முதுகுல லேசர் அடிப்போம். பட்டுத் தெறிச்சு தள்ளி இருக்கிற டிடெக்டர்ல விழும். வெயில்ல கண்ணாடிய லேசா ஆட்டினா, எதிர்ச் செவுத்துல வெளிச்சம் எவ்ளோ தூரம் ஓடுது... அந்த மாதிரி.

இருதயராஜ்: அப்ப ஒன் அலை, தங்கத்தோட மேடு பள்ளம்.

ரோஜா: முன்னாடி கரும்பு லாரிப்பா, பாத்து ஓட்டுங்க.

இருதயராஜ்: கரும்பு லாரிய அப்புறம் பாக்கலாம். பதில் சொல்லு.

ரோஜா: லேசர் பட்டையத் தாண்டி வழிஞ்சிருக்குப்பா. தங்கத்துல பட்டு, அதுவும் டிடெக்டருக்கே போயிருக்கு. ரெண்டு வெளிச்சமும் கலந்து அலை அலையா தெரிஞ்சிருக்கு... லேசர பட்டை நடுவுல வெச்சேன். அலையே காணோம்.

இருதயராஜ்: ஆக, ஒன் வெளிச்சத்த நீயே கண்டுபிடிச்ச! பலே டாக்டரு!

ரோஜா: சிரிக்காதீங்கப்பா...

இருதயராஜ்: நான் சிரிச்சா என்னா? கோதண்டபாணி சிரிப்பான். அவன் புள்ள அரியர் வெச்சப்ப நான் சிரிச்சத அவன் இன்னும் மறக்கல.

ரோஜா: அவரு சிரிக்கட்டும். ‘இவங்களுக்கெல்லாம் கோட்டாவுல சீட்டு குடுத்தா இப்டித்தான்’னு சொல்வாங்களே, அதான்...

இருதயராஜ்: அப்ப மூடிக்கினு சால்வைய வாங்கிக்க. யாருக்குத் தெரியப் போவுது?

ரோஜா: முடியாதுப்பா.

இருதயராஜ்: அப்பன் மானம் போனாலும்?

ரோஜா: ...போனாலும். நேத்தே எங்க கைடு சார்கிட்ட சொல்லிட்டேன். அலையப் பத்தி ஜர்னல்ல வந்த கட்டுரைய வாபஸ் வாங்க எழுதிட்டோம். ஒங்ககிட்டதான் வாய் வரல.

இருதயராஜ்: காலையிலேயே ஒங்க சார் போன் பண்ணிட்டாரும்மா. ‘அப்பாவ நெனச்சுதான் பயப்படறா’ன்னாரு. அப்பவே போய் கோதண்டபாணிக்கு மொத வரிசையில நாற்காலி சொல்லி வெச்சேன். இந்தக் கதைய அவன் வாயால நான் கேக்கக் கூடாது, மேடையில ஒன் வாயால அவன் கேக்கணும்... டோல் வந்துடுச்சி, நிமுந்து ஒக்காரு.