கால் சுற்று

லாரி ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் அளவுக்கு ஆட்டம் இருக்கலாம் சார், தப்பில்லை. புது டிரைவர்கள்தான் அதைப் பார்த்துப் பயந்து ஒர்க்‌ஷாப்புக்கு வருவார்கள். நான் சக்கரத்தை இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டி, ஒன்றுமில்லை, போய் ஓட்டு என்று அனுப்பிவிடுவேன். தேவையில்லாமல் யார் வண்டியிலும் நான் ஸ்பேனர் வைத்ததில்லை. சூசைராஜ் வண்டியைத் தவிர.

நீங்கள் பவானிபூரிலிருந்து வருகிறீர்கள், பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வெங்கட்ராமன் என்று பெயர், அப்பா காலத்திலிருந்தே கல்கத்தாதான் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும். எனக்கு வங்காளம் வரும். இருபத்தாறு வருஷமாக ஹவுராவில் இருக்கிறேன், வராமல் எப்படி. ஆனால் அந்த மொழியில் எனக்குப் பேரம் பேசத் தெரியும், சண்டை போடத் தெரியும். இதைச் சொல்ல அது போதாது. அதனால்தான் இதை எழுதிக்கொள்ளத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டேன்.

என் பெயர் துரைசாமி. சொந்த ஊர் சங்ககிரி. எங்கள் ஊர் லாரியோடு வந்து, வழியில் என்ஜின் போய், அதைச் சரிசெய்யத் தங்கினவன் அப்படியே தங்கிவிட்டேன். கோனா சாலையில் கடை. என்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊதுகிற டர்போ, அப்புறம் ஸ்டீயரிங், இரண்டும்தான் என் வேலை. மனைவி ஒரு தடவை வந்து மூன்று மாதம் இருந்தாள். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சுத் துணை இல்லை, திரும்பிப் போய்விட்டாள். நான் ஊருக்கே வந்துவிடட்டுமா என்று ஒரு முறை மகனிடம் போனில் கேட்டேன். இங்கே வந்து என்னப்பா பண்ணுவீங்க என்றான். நியாயமான கேள்விதான்.

சூசைராஜ் பதினொரு வருஷத்துக்கு முன் டர்போவில் விசில் சத்தம் என்று வந்தான். பத்துச் சக்கர வண்டி, சொந்த வண்டி. தூத்துக்குடிக்காரன். கடை போர்டில் தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நம்ம ஆளா?" என்றான். அன்றைக்கு அவன் வண்டியில் வேலை அரை மணி நேரம்தான். சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம்.

அவன் மனைவி சாதனா இந்த ஊர்ப் பெண். அண்ணன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், டாக்குரியாவில் இருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு அவனிடமிருந்தே தமிழ் கற்றுக்கொண்டாள். வங்காள நாக்கில் தூத்துக்குடிப் பேச்சு. வார்த்தை ஆரம்பத்தில் 'வ' வராது, 'ப' ஆகிவிடும். என்னை அண்ணன் முறையாகத் 'துரைதா' என்றுதான் கூப்பிடுவாள். "பாங்க துரைதா, ஏன் நிக்கிய, உக்காருங்க" என்பாள். ஞாயிற்றுக்கிழமை அவன் ஊரில் இருந்தால் எனக்கு அங்கேதான் சாப்பாடு. கடுகு அரைத்து ஒரு மீன், தேங்காய் அரைத்து ஒரு மீன். குழந்தை கிடையாது அவர்களுக்கு. மூன்று பேரும் மதியம் முழுக்கத் தமிழ் பேசுவோம். மற்ற ஆறு நாளும் நான் அந்த நாளுக்காக இருந்தேன் என்று சொன்னால் உங்களுக்கு மிகையாகத் தோன்றும். எனக்கு மிகை இல்லை.

நாலு வருஷம் முன்னால் அவனுக்கு அஸ்ஸாம் பக்கம் லோடு கிடைத்தது. இரண்டு மாதம் வரவில்லை. ஊருக்கு வந்தும் ஒரு நாள் தங்கிவிட்டு உடனே போய்விட்டான். அந்த ஒரு நாளில் ஆயில் மாற்ற வண்டியை என்னிடம் விட்டான். டர்போவிலிருந்து காற்றுப் போகிற ரப்பர் குழாயில் ஒரு கிளிப் இருக்கும். அதை அரைச் சுற்று தளர்த்திவிட்டேன். பெரிதாக ஒன்றும் ஆகாது. இழுவை குறையும், கறுப்புப் புகை வரும். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தான். "மேட்டுல மூச்சு வாங்குது அண்ணாச்சி, உங்கள விட்டா யாரு பாப்பா?" என்றான். கிளிப்பை முறுக்கினேன். அந்த ஞாயிறு மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அப்புறம் வருஷத்துக்கு இரண்டு, மூன்று தடவை. ஒரு தடவை எண்ணெய்க் குழாயின் வாஷர், ஒரு தடவை ஃபில்டர். டர்போவை மட்டும்தான் தொட்டேன். பிரேக்கையோ ஸ்டீயரிங்கையோ தொட்டதில்லை. உயிர் சம்பந்தப்பட்டதில் கை வைக்கக் கூடாது என்று எனக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

இந்த வருஷம் பிப்ரவரியில் கடைக்கு வந்தான், இரண்டு பேருமாக. முகத்தைப் பார்த்ததும் நல்ல செய்தி என்று தெரிந்தது. தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் ஓட்ட ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது, தம்பி கட்டின வீட்டில் மாடி காலியாக இருக்கிறது, ஒரேயடியாகப் போகிறோம் என்றான். வண்டியும் சாமானும் ஒரே நடையில். போகிற வழிக்குச் சாக்கு லோடு ஒன்றும் பிடித்துவிட்டானாம்.

"பெரிய டர்போவாப் போட்டு, ஸ்டீயரிங்க முழுசாப் பாத்துக் குடுத்துருங்க அண்ணாச்சி. ரெண்டு வருசத்துக்கு எவனும் கை வைக்கக் கூடாது. அங்க உங்கள மாதிரி ஆளுக்கு நான் எங்க போவேன்?"

நான்கு நாள் வேலை செய்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. புது டர்போவைப் போட்டு, அதற்கேற்ற குழாய்களை நானே வளைத்துப் பொருத்தினேன். ஓட்டிப் பார்த்தபோது வண்டி வேறு வண்டி மாதிரி இழுத்தது. ஸ்டீயரிங் பாக்ஸைப் பிரித்து, எண்ணெய் கசியாமல் தடுக்கிற சீல் எல்லாம் மாற்றினேன். பம்ப் புதுசு. ஒரு விரலால் திருப்பலாம் போல இருந்தது. சூசைராஜ் திருப்பிப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான்.

கடைசி நாள் மதியம் தனியாக இருந்தேன். பம்பிலிருந்து ஸ்டீயரிங் பாக்ஸுக்கு எண்ணெய் போகிற பைப்பை மாட்டுவது ஒன்றுதான் மீதி. ஒரு தடவை நசுங்கின பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டேன். நட்டைக் கடைசிக் கால் சுற்று முறுக்காமல் விட்டேன்.

ஏன் டர்போவை விட்டுவிட்டு அதை என்று இன்ஸ்பெக்டர் நேற்று கேட்டார். யோசித்துத்தான் செய்தேன். டர்போ கோளாறு என்றால் மெதுவாக ஓட்டிக்கொண்டே போய்விடுவான், புவனேஸ்வரில் யாரிடமாவது காட்டிக்கொள்வான். ஸ்டீயரிங் என்றால் என்னைத் தவிர யாரையும் நம்ப மாட்டான். எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் ஒழுகும். நூறு கிலோமீட்டரில் ஸ்டீயரிங் லேசாகக் கனக்கும். என்னைக் கூப்பிடுவான், நான் வரச் சொல்வேன். சரிசெய்ய ஒரு வாரம் ஆகும் என்பேன். ஒரு வாரத்தில் மனசு மாறலாம், ஒப்பந்தம் வேறு யாருக்காவது போகலாம். இவ்வளவுதான் என் கணக்கு. இதில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்குக் கிளம்பினார்கள். சாதனா மேலே ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்து, "துரைதா, அங்க கட்டாயம் பரணும். கடல் பாக்கலாம்" என்றாள். வருகிறேன் என்றேன். வண்டி திரும்பியதும் கடையைப் பூட்டிவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தே முக்காலுக்குக் கூப்பிட்டான். நூறு கிலோமீட்டருக்கு மேல் போய், டெப்ரா என்கிற ஊர் தாண்டி ஒரு தாபாவில் நிறுத்தியிருந்தான்.

"அண்ணாச்சி, ஸ்டீயரிங் கல்லு மாதிரி கனக்கு. டப்பால எண்ணெய் பாதிதான் கெடக்கு."

"திரும்பி வந்துருப்பா."

"இங்கன ஒரு மெக்கானிக்கு கீழ படுத்துப் பாத்துட்டாரு. பைப் நட்டு லூசா இருக்காம். ஒரு நிமிச வேலை, முறுக்கி விட்டா போய்க்கிட்டே இருக்கலாம்னு சொல்லுதாரு. முறுக்கச் சொல்லட்டா?"

அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான் நீங்கள் எல்லோரும் கேட்கிறீர்கள். நான் அவசரப்படவில்லை. அவன் பின்னால் சாதனா யாரிடமோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"அவனத் தொட விடாத. மரை போயிரும். உள்ள சீல் விலகியிருக்கும், அது எனக்குத்தான் தெரியும். எண்ணெய ஊத்திக்கிட்டு மெதுவா ஓட்டிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

"இது தாங்குமா அண்ணாச்சி? பதினாறு டன்னு லோடு."

"தாங்கும்."

"சரி அண்ணாச்சி. நீங்க சொன்னா சரிதான்."

போனை வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் வாங்கினேன், மூன்று பேருக்கு. அலைச்சலில் சாதனாவுக்குச் சமைக்க முடியாது, நானே செய்துவிடலாம் என்று அரிசியைக் கழுவி வைத்தேன்.

திரும்பி வருகிற வழியில், கோலாகாட்டுக்கு முன்னால் ஒரு மேம்பாலம் இறங்குகிற இடத்தில் சாலை இடது பக்கம் வளைகிறது. அங்கே எண்ணெய் சுத்தமாகத் தீர்ந்து பம்ப் இறுகிவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியவில்லை. பிரேக் பிடித்திருக்கிறான், ரோட்டில் தடம் இருந்தது. ஓரத்தில் நின்ற ட்ரெய்லரில் மோதினான். இரண்டு வண்டிக்கும் நடுவில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. ஒன்றே காலுக்கு சூசைராஜின் நம்பரிலிருந்து போன் வந்தது. வேறு குரல்.

சூசைராஜும் அந்த இளநீர்க்காரரும் அங்கேயே போய்விட்டார்கள். சாதனாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள். அண்ணனுக்கு வேலை, அண்ணிக்கு உடம்பு சரியில்லை. பகலெல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டேன். கடையைத் திறக்கவில்லை. மருந்து வாங்கினேன், தலை வாரிவிட ஆயாவைத் தேடிப் பிடித்தேன், சாப்பாடு ஊட்டினேன். அவள் தூத்துக்குடித் தமிழில் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இதற்குள் அந்த தாபா மெக்கானிக்கைப் போலீஸ் பிடித்துவிட்டது. சுஜித் என்று பெயர், என் வயதுதான். பைப்பில் அவர் கை வைத்ததால்தான் ஆயிற்று என்று சந்தேகம். தொழில் தெரிந்தவன் என்று என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். உடைந்த வண்டிக்குக் கீழே குனிந்து அந்த நட்டைப் பார்த்தேன். வெளியாள் யாரோ திறந்திருக்கிறான் என்று சொன்னேன். சுஜித்தின் பெண்டாட்டி ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் என்ன செய்ய முடியும் சார். உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் சாதனாவை யார் பார்த்துக்கொள்வது.

போன திங்கட்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் கடைக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒரு அறை பார்த்து, வாசலில் சக்கர நாற்காலி ஏற சிமெண்டில் சரிவும் போட்டு வைத்திருந்தேன். அண்ணன் டாக்ஸியோடு வந்திருந்தார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துரைதா, எனக்கு நீங்க ரொம்ப செஞ்சுட்டிய. நான் டாக்குரியாவுக்குப் போறேன். அங்க பந்து என்னைப் பாக்காதீங்க. இனிமே தமிழ்ல பேசவும் மாட்டேன். பேசினா அவர் குரல்தான் கேக்குது."

டாக்ஸி போன பிறகு அந்த அறையைத் திறந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் இங்கே, ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். சுஜித்தை நினைத்து மனசாட்சி உறுத்தி வந்ததாக இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.

நட்டைத் தளர்த்தியவன் நான். முறுக்க வந்தவரைத் தடுத்தவனும் நான். தாங்காது என்று தெரிந்துதான் தாங்கும் என்று சொன்னேன். முறுக்கியிருந்தால் அவர்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள், நான் தனியாக இருந்திருப்பேன். இதில் எதையும் மாற்றாமல் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வழக்கு முடிய நாலைந்து வருஷம் ஆகலாமாம். சாதனாதான் முக்கிய சாட்சி, கூப்பிடும்போதெல்லாம் அவள் வந்துதான் ஆக வேண்டும் என்கிறார்கள். நான் எல்லாத் தேதிக்கும் வந்துவிடுவேன். ஒன்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள் சார். என் வாக்குமூலம் தமிழில் இருப்பதால், கோர்ட்டில் அவளையும் தமிழிலேயே பேசச் சொல்வார்களா?