காய்ந்த மணல்

டிசம்பர் மழை. கல்முனைக்குப் போகும் பஸ் சாய்ந்தமருதில் வெள்ளத்துக்குள் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த மூத்தவள் திடீரென்று சொன்னாள்:

“இந்த மழை நிக்கிற வரைக்கும் மவன் என்ட முகத்தப் பாக்கமாட்டான்.”

“ஏன் ராத்தா, கோவமா?”

“கோவமில்ல புள்ள. போன மாரியில, இப்பிடி மழைக்குள்ளதானே அவர் மௌத்தானது. பொம்புளைகள் நாம அடக்குற எடத்துக்கு, மையவாடிக்குப் போறல்லயே. அடக்கிட்டு வந்த மவனுக்கிட்டக் கேட்டன், ‘கபுறுக்குள்ள தண்ணியா மகன்?’ எண்டு. ‘இல்ல உம்மா, மணல் காஞ்சி கிடந்திச்சி. வாப்பாவ நல்லா வெச்சிட்டு வந்தம்’ எண்டான்.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“அண்டைக்கு எங்கட கிணத்துல தண்ணி விளிம்பு மட்டும். கயிறில்லாமக் கோப்பையாலயே அள்ளினம். மையவாடி எங்கட வளவுக்குப் பின்னாலதானே?”

இளையவள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். வைப்பர் ஓடும் சத்தம் கேட்டது.

“கிணத்து வாளியக் காணல்ல. ரெண்டு நாளைக்குப் பொறகு பாத்தா, குசினிக்குப் பின்னால கவுத்து வெச்சிருக்கான். அடியில ஒரு பிடி மணல் ஒட்டிக் கிடந்திச்சி.”

“அப்ப, கபுறுக்குள்ள இருந்த தண்ணிய இறைச்சித்தான்...”

“ஓம்.”

“மவனுக்கிட்டக் கேக்கல்லியா ராத்தா?”

“என்னத்தக் கேக்குற? மணலக் கழுவிப்போட்டு, வாளிய அவன் வெச்ச மாதிரியே கவுத்து வெச்சிட்டன்.”