நான் கழுவிய எஞ்சின்

எஞ்சின் பாகங்களைக் கழுவுவதற்குப் பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவத்தை மிஞ்சியது எதுவும் இல்லை, சார்ஜென்ட். இன்வர்கார்கில் கடைகளில் என்னென்னவோ விற்கிறார்கள். நான் எதையும் வாங்கியதில்லை. கை பொறுக்காத வெந்நீர், சோப்பு, துப்பாக்கிக் குழல் துடைக்கிற நீளப் பிரஷ். அதற்கு மேல் வேண்டியது பொறுமைதான்.

பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அலுமினிய உறையில் எண்ணெய் கருகிக் கருகி அடையாக ஒட்டியிருக்கும். என் கணவர் க்ளைவ் அதை பிளாஸ்டிங் பெட்டிக்குள் வைத்து, சர்க்கரையைவிடப் பொடியான துகள்களைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிப்பார். புதுக் காசு மாதிரி வெளியே வரும். பார்க்கிறவர்கள் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். வேலை அதற்குப் பிறகுதான். அந்தத் துகள்கள் திருகு துளைகளிலும் எண்ணெய் ஓடுகிற வழிகளிலும் போய் ஒளிந்துகொள்ளும். ஒரு சிட்டிகை தங்கிவிட்டாலும் போதும், எண்ணெயோடு ஓடி பேரிங்கை அரைத்துவிடும். நல்ல வேகத்தில் போகும்போது எஞ்சின் இறுகி நின்றுவிடும், பின்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

கல்யாணமான வருஷத்திலிருந்து கழுவுவது என் வேலை. நான் கழுவி வைத்ததை க்ளைவ் ஒருதரம்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் சைடுகார் பந்தயக்காரர்கள். ஓட்டுகிறவர் க்ளைவ். மோட்டார் சைக்கிளோடு பூட்டிய பக்கத்துத் தட்டில் தொங்கிக்கொண்டு, வளைவுக்கு வளைவு உடம்பைச் சாய்த்து வண்டி கவிழாமல் பார்த்துக்கொள்பவள் நான். எங்கள் பக்கத்தில் அந்த ஆளைக் குரங்கு என்பார்கள். செல்லப் பெயர்தான். குரங்கின் காது எஞ்சினுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும். ஹெல்மெட்டுக்குள் க்ளைவுக்குக் காற்றிரைச்சல் தவிர ஒன்றும் கேட்காது. எஞ்சின் முனகினால் எனக்குத்தான் முதலில் தெரியும். முதுகில் ஓங்கி ஒரு அறை விடுவேன். உடனே கிளட்சைப் பிடித்துச் சக்கரத்தை எஞ்சினிடமிருந்து விடுவித்துவிடுவார். அப்படி எத்தனையோ தடவை இரண்டு பேரும் பிழைத்திருக்கிறோம்.

போன வசந்தம் முழுக்க சனிக்கிழமை தவறாமல் க்ளைவும் என் தம்பி ஃபெர்கஸும் ஆற்றுமுகத்துக்குப் பொடிமீன் பிடிக்கப் போனார்கள். வலையும் வாளியுமாகப் போய் வெறுங்கையோடு வருவார்கள். நான் கேலி செய்துகொண்டே சீஸ் ரோல் சுட்டுக் கொடுப்பேன். தின்றுவிட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள். அம்மா பால் கறக்கப் போனபோதெல்லாம் ஃபெர்கஸை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். அவன் சிரிப்பில் எனக்கு என்ன சந்தேகம் வரும்?

பேக்கரிக்கார மெர்லிதான் சொன்னாள். "என்ன வெர்னா, இனிமே நீ தரையிலதானா? உன் தம்பி நேத்து விமானத்திடல்ல க்ளைவ் வண்டியில என்னமா தொங்குறான்! என் புருஷன் வாயப் பொளந்துட்டு நின்னாரு."

ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்து ஷெட்டுக்குப் போனேன். ஃபெர்கஸ் புதுத் தோலுடையில் நின்றிருந்தான். முதுகில் அவன் பெயரைத் தைத்திருந்தார்கள்.

"எவ்வளவு நாளா இந்த மீன் பிடிக்கிற சாக்கு?" என்றேன்.

"அக்கா, கோவிச்சுக்காத. நாங்களே சொல்லணும்னுதான் இருந்தோம்."

"ஊருக்கே சொல்லியாச்சு போலிருக்கே."

க்ளைவ் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே பேசினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் எலும்பு தேய்ஞ்சு போச்சாம். இன்னொரு தடவ விழுந்தா எந்திரிக்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்றாரு. உங்கிட்ட சொன்னா கேக்கவா போற? பிடிவாதக்காரி."

"டாக்டர் எங்கிட்ட சொல்லலியே."

"நான்தான் சொல்ல வேணாம்னேன்."

ஃபெர்கஸ் என் தோளில் கை போட்டான். "நீ நல்லா இருக்கணும்னுதான்க்கா."

க்ளைவ் எஞ்சின் உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். அப்போதுதான் பிளாஸ்டிங் முடிந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. "இத மட்டும் நீதான் கழுவணும் வெர்னா. வேற யாரையும் நம்ப மாட்டேன்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்குக் கோபமே வரவில்லை. வெந்நீர் வைத்தேன்.

எல்லாத் துளையையும் கழுவினேன். காற்றடித்தேன், வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், மறுபடி கழுவினேன். நீங்கள் எந்த வல்லுநரை வைத்துச் சோதித்தாலும் குறை சொல்ல மாட்டார். பெரிய எண்ணெய் வழி ஒன்று மட்டும் பாக்கி. அதையும் கழுவினேன். கழுவி, காயவைத்து, அதற்கப்புறம் பிளாஸ்டிங் பெட்டியின் அடியில் கிடந்த துகளில் ஒரு ஸ்பூன் எடுத்து, கிரீஸில் குழைத்து, அந்த வழியின் வளைவில் பிரஷால் தள்ளி வைத்தேன். எண்ணெய் நன்றாகச் சூடேறும் வரை கிரீஸ் இளகாது. ஷெட்டில் ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. க்ளைவ் என் நெற்றியில் முத்தமிட்டார்.

பந்தயத்தில் எஞ்சின் நிற்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். தட்டில் யார் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புரியும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்து, பேரிங்கில் துகள் கிடைத்ததைச் சொன்னீர்கள். மருத்துவமனையில் க்ளைவ் கொடுத்த பதிலையும் சொன்னீர்கள்: "பாவம், வெர்னாவுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல. அவள ஒண்ணும் கேக்காதீங்க." விபத்து என்று எழுதி முடித்துவிடப் போவதாகவும் சொன்னீர்கள். இடுப்பு உடைந்து படுத்திருக்கிற மனுஷனுக்கு, என் வேலையைப் பற்றி அப்படிச் சொல்ல மனம் வந்திருக்கிறது. ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அதைத் திருத்தத்தான் காலையில் முதல் ஆளாக இங்கே வந்து நிற்கிறேன். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. நான் கழுவி விட்டதில் துகள் தங்கியதே இல்லை.

பந்தயத்தன்று எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். க்ளைவ்தான் சங்கத்தில் சொல்லி வாங்கிக் கொடுத்தார், நான் மனம் வாடக்கூடாது என்று. துறைமுகத்துக் கருங்கல் சுவர் வளைவில் மஞ்சள் கொடியோடு நிற்க வேண்டும். ஆபத்து தெரிந்தால் கொடியைத் தூக்கி ஆட்ட வேண்டும், வண்டிகள் வேகத்தைக் குறைத்துவிடும்.

அவர்கள் என்னைக் கடந்து போன ஒரு சுற்றில் எஞ்சின் முனகியது. பக்கத்தில் நின்றவருக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. ஃபெர்கஸ் எஞ்சின்மேல் கவிழ்ந்த மாதிரி தொங்கிக்கொண்டு போனான். அவன் கை க்ளைவின் முதுகுக்குப் போகவே இல்லை. அவர்கள் ஒரு சுற்று முடித்து மறுபடி என் வளைவுக்கு வரும் வரை எனக்கு நேரம் இருந்தது. தூரத்திலேயே அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. கொடி கையில்தான் இருந்தது. கம்போடு சேர்த்துச் சுருட்டிப் பிடித்திருந்தேன்.

சுவரில் மோதியதைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் சரி. நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை. ஏன் கொடியைத் தூக்கவில்லை என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், சார்ஜென்ட். தூக்கியிருந்தால், அந்த இடத்துக்கு ஃபெர்கஸ் லாயக்கில்லை என்பது க்ளைவுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.