கெண்டைக் குளத்தில் கோஸ் மருந்து

"மீனுக்கு எவனாச்சும் கோஸ் தோட்டத்துல அடிக்கிற மருந்த ஊத்துவானாடா?"

மலைத் தோட்ட ஊரான திரிங்காப்பில் பஸ் ஏறிய அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் அவருடைய தம்பி, நாற்பது வயதிருக்கும். நான் முன் சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கெண்டை மேலெல்லாம் வெள்ளைப் புள்ளிக்கா. கோஸ் இலையில வர்ற பூஞ்சைன்னு நெனச்சு நேத்து ஊத்திட்டேன்."

"இப்பத்தான மீன் ஆபீசர் அவரு ஆபீசுல மைக்ராஸ்கோப்புல காட்டுனாரு, பார்த்தேல்ல? பூஞ்சை இல்லடா அது. உடம்பு பூரா முடியோட சுத்துற சின்ன உசிரு. உப்பு போட்டாலே போதும்னாரு."

"செவுள்ல கொக்கி மாட்டித் தொங்குச்சே, அது?"

"அது புழு. அது வேற, அதுக்கு மருந்தும் வேற. உனக்கு எல்லாம் ஒண்ணு! வெசத்த ஊத்திக் குளத்தையே கொன்னுட்ட."

"விடு லா அக்கா. மீனு ஒண்ணும் வீணாப் போகல."

"என்னடா சொல்ற?"

"செத்தத பூரா காலையில எஸ்டேட் லைன் வீட்டு ஆளுங்களுக்குக் குடுத்துட்டேன். புள்ளி மீனத் தின்னா மனுசனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு ஆபீசரே சொன்னாருல்ல?"



"பாவி! அவரு சொன்னது அந்த உசிர. நீ ஊத்துன மருந்த இல்லடா!"

எழுந்து மணிக் கயிற்றை விடாமல் இழுத்தார்.

"டிரைவர் அண்ணே, நிறுத்துங்க! லைன்ல மத்தியானச் சமையலுக்கு அடுப்பு மூட்டிருப்பாங்க!"

பஸ் சரியாக நிற்பதற்குள் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். இருவரும் வந்த வழியே ஓடினார்கள்.