பெயர் சொல்லாத இருளாயியும் இரண்டு டேட்டாபேஸும்

தலைமை ஏற்றுத் தமிழ் மணக்க வீற்றிருக்கும் ஐயா மயில்வாகனம் அவர்களே! தோள் கொடுத்து மன்றம் வளர்த்த ஈப்போ சிலிபின் வட்டாரப் பெரியோர்களே! பனியில் நடந்து பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்து எங்களைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

கம்ப்யூட்டர் வகுப்புத் திறப்பு விழாவில் கதை எதற்கு என்கிறீர்களா? கதை சொல்லாமல் நான் என்றைக்கு மேடையை விட்டு இறங்கியிருக்கிறேன்!

தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஓர் எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலை போனது. எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். எங்கே போவார்கள் எம் மக்கள்? அந்த நேரத்தில் ஈப்போ தொழிற்சாலை ஒன்று ஆள் எடுத்தது. நம் மன்றத்து நவமணி, வேலை தேடுவோரின் விவரங்களைப் பதிந்து, பொருத்தமானவரைத் தேடித் தரும் புரோகிராம் ஒன்றை எழுதினார். மன்றத்துக் கம்ப்யூட்டரில் அது மணிமணியாக ஓடியது.

தொழிற்சாலையிலோ வேறு டேட்டாபேஸ்! தகவலைச் சேமிக்கும் முறையே வேறு. புரோகிராமையும் பதிவுகளையும் அங்கே ஏற்றினோம். அந்த எஸ்டேட்டிலிருந்து வந்து பதிந்த இருளாயி அக்காவைப் பட்டியலில் காணோம்! அவர் லயத்துப் பெண்கள் பலரைக் காணோம்!

ஏன்? பதிவின்போது கணவர் பெயர் கேட்டதற்கு, "ஐயோ, அவரு பேர எப்படிலா வாயால சொல்றது?" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார் அக்கா. அந்த இடம் காலியாகவே இருந்தது. நம் டேட்டாபேஸ் காலியை ஏற்றுக்கொண்டது; அவர்களுடையது ஆளையே தள்ளிவிட்டது!

சிரிக்கிறீர்களே தாய்மார்களே, உங்களில் எத்தனை பேர் சொல்வீர்கள்?

நம் செயலாளர் குலசிங்கம் ஐயா, "ஆரையாவது கேட்டுப் பேரைப் போடுங்கோ, அலுவல் முடிஞ்சுது" என்றார்.

நவமணி விடவில்லை. "இன்னைக்கு இந்த ஃபேக்டரி, ஐயா. நாளைக்கு வேற ஃபேக்டரி, வேற டேட்டாபேஸ் வரும். ஒவ்வொரு தடவையும் அக்காவையா மாத்துறது? புரோகிராம மாத்தலாம்லா!"

மாற்றினார்! கோப்பிக்கடையில் நாம் தமிழில் கேட்கிறோம். ஆர்டர் எடுப்பவர் அடுப்படிச் சீனருக்குக் கண்டனீஸ் மொழியில் கத்துகிறார். மேசைக்கு வருவது நாம் கேட்ட கோப்பிதானே? அப்படி, புரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் ஒரு சின்னப் பகுதியை எழுதினார். ஒரு டேட்டாபேஸ் காலி இடத்தை ஏற்றால் காலியாகவே விடும். ஏற்காவிட்டால், 'சொல்லவில்லை' என்று அதற்குப் புரியும் குறியைப் போடும். டேட்டாபேஸ் மாறினால் அந்தப் பகுதி மட்டும் மாறும். மற்றது எதையும் தொட வேண்டாம்!

மீண்டும் ஏற்றினோம். இருளாயி அக்கா வந்தார்! காணாமல் போன அத்தனை பேரும் வந்தார்கள்! என் கண் கலங்கியது, ஒளிக்கவில்லை.

இந்த வகுப்பில் சேரப்போகும் பிள்ளைகளே! எந்திரம் எத்தனை மாறினாலும், எம் மக்கள் ஒருவரையும் உதறாத புரோகிராமை எழுதுங்கள்!

பின்வரிசையில் யாரோ கேட்கிறார், அக்கா கடைசியில் பெயரைச் சொன்னாரா என்று. ஏன் சொல்ல வேண்டும்? சொல்லாமலே வேலை கிடைத்தது. சொல்லாமலே சிலிபினில் வீடு கிடைத்தது. அதோ, ஷிப்ட் முடிந்த கையோடு தொழிற்சாலைச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அந்தப் பெயருக்கு உரியவரும் உட்கார்ந்திருக்கிறார்!

பொறுத்துக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி; புறப்படும் இளையோருக்கு வாழ்த்து; அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!